சுவர் ஏறும் பிள்ளையின் விரலைக் கவனியுங்கள்

டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சாக்கரிலும் கிரிக்கெட்டிலும் அடிபட்டு வரும் பிள்ளைகளோடு, உள்ளரங்கில் பிடிகள் பதித்த சுவரில் ஏறும் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கூடவே வரும் தாத்தா கேட்பார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதல்முறை சேர்க்கப்பட்டபோதே, தென்னாப்பிரிக்காவிலிருந்து எரின் ஸ்டெர்கன்பர்க், கிறிஸ்டோபர் காஸர் இருவரும் போட்டியிட்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார்.

அம்மாக்களின் கேள்வி வேறு. கயிறு அறுந்துவிட்டால்? லோட்ஷெடிங்கில் கரண்ட் போய்விட்டால்? ஆள் பிடிக்காமல் தானாகவே கீழே இறக்கும் ஆட்டோ பிலேவின் பிரேக்குக்கு மின்சாரமே வேண்டாம். காந்தத்தாலோ சுழற்சி விசையாலோ வேலை செய்யும். விளக்குதான் அணையும். பயப்பட வேண்டியது மறதிக்கு. அதன் பட்டையை இடுப்பில் கட்டும் ஹார்னஸில் மாட்டாமலேயே ஏறிவிடுவதுதான் ஆட்டோ பிலே விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம். பழகியவர்களும் இதைச் செய்கிறார்கள். அதனால் கால் தரையை விடும் முன் ஒவ்வொரு முறையும் கொக்கியை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கயிற்றில் ஏறினால் முடிச்சு, ஹார்னஸின் பக்கிள், கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி, அதன் பூட்டு எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவர் கையில் போன் இருந்தால் பிள்ளையை இறங்கச் சொல்லிவிடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

போல்டரிங் என்று இன்னொரு வகை உண்டு, அதில் கயிறு கிடையாது. சுவர் நாலு மீட்டர் போல இருக்கும், கீழே மெத்தை. மெத்தை இருக்கிறதே என்று குதிப்பவர்களுக்குத்தான் கணுக்கால் பிசகும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். இரண்டு காலும் சேர்ந்து தரையில் பட, முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு வைத்து முதுகில் உருள வேண்டும். முதல் நாளே இதைத் தாழ்வான உயரத்தில் பழக்கும் பயிற்சியாளர்தான் நல்லவர். மோதிரம், வளையல், காப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மோதிரம் பிடியில் சிக்கினால் விரலின் தோலையே உரித்துவிடும்.

சரி, விரலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், வளரும் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து விழுவதில் இல்லை, விடாமல் தொங்குவதில் இருக்கிறது. எலும்பின் நுனியில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சித் தட்டு என்று ஒரு பகுதி உண்டு. வேகமாக உயரம் கூடும் வயதில் தசைநாரைவிட அதுதான் பலவீனம். சின்ன விளிம்பை விரல் நுனியால் பற்றி, நடு மூட்டை மடக்கி, பெருவிரலை மேலே பூட்டும் பிடியில் அந்தத் தட்டின்மேல் பாரம் ஏறுகிறது. தினம் தினம் ஏறினால் மெல்ல விரிசல் விடும். பெரும்பாலும் நடுவிரலில்தான் வரும். நடு மூட்டின் மேல்பக்கத்தை அழுத்தினால் வலிக்கும், லேசாக வீங்கும். "எங்கேயும் விழவில்லையே, சுளுக்குதான்" என்று ஆயா எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார், பையன் டேப் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறுவான். இரண்டுமே கூடாது. இந்த வயதில் அந்த இடத்தில் வலி என்றால், முறிவு இல்லை என்று தெரியும்வரை அதை முறிவாகத்தான் நான் பார்ப்பேன். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டாக்டரிடம் பிள்ளை சுவர் ஏறுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவைப்படும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில வாரமோ சில மாதமோ ஓய்வில் ஆறிவிடும். இழுத்தடித்தால் விரல் கோணலாகவோ மடக்க முடியாமலோ நின்றுவிடலாம்.

ஆகவே முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும். பெரிய பிடிகள், பலவகைச் சுவர்கள், காலை வைக்கும் நுட்பம், இவைதான் பாடம். காலே படாமல் கையால் மட்டும் தாவும் கேம்பஸ் போர்டு, எடை கட்டித் தொங்குவது இரண்டும் வளர்ச்சி முடியும்வரை வேண்டாம். காலைக் கடிக்கும் ஷூவும் வேண்டாம், வாடகை ஷூவே போதும். அப்புறம், 18 வயதுக்குக் கீழ் என்றால் படிவத்தில் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். போடும்போதே பயிற்சியாளரிடம் கேளுங்கள்: பிள்ளை ஒரே வருடத்தில் கிடுகிடுவென உயர்ந்தால் பயிற்சியைக் குறைப்பீர்களா? "வலுவாகத்தானே இருக்கிறான்" என்று பதில் வந்தால் வேறு அரங்கம் பாருங்கள்.