அடிக்கு முன்னால் என்ன சொன்னான்?

“ரெண்டு பசங்க சண்டை. சமாதானம் பேசி அனுப்பியாச்சு.” பெங்களூருப் பள்ளிகளின் புகார் நோட்டுகளில் இந்த வரியை இன்னும் எத்தனை முறை படிப்பது? யார் அடித்தது, எத்தனை மணிக்கு, எல்லாம் இருக்கும். அடி விழுமுன் காதில் விழுந்த சொல் மட்டும் இருக்காது.

ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பையனுக்கு அது ‘கொங்கா’, தமிழரைக் கன்னடத்தில் இளக்காரமாகச் சொல்லும் சொல். மணிப்பூர்ப் பிள்ளைக்கு, முகத்தைக் கிண்டல் செய்யும் ‘சிங்கி’ (இதில் நம் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை). அழுகிற பையனுக்கு ‘ஒம்பது’. மாசக்கணக்கில் கேட்டவன் ஒருநாள் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி வீசுகிறான். ரத்தம் எதிராளி நெற்றியில், சஸ்பென்ஷன் இவனுக்கு.

“சின்னப் பசங்களுக்கு மொழி, ஜாதியெல்லாம் என்ன சார் தெரியும்?” தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிக்காக இந்த ஊரில் பஸ் எரிந்தபோது, இன்று ஐந்தாவது படிப்பவன் கைக்குழந்தை. அவன் வாயில் அந்தப் பகை எப்படி வந்தது? ராத்திரி டிவி முன்னால் நாம் பேசியது, காலையில் வேனின் கடைசி சீட்டில் வருகிறது. தமிழ் வீடு, கன்னட வீடு என்ற பேதமே இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் நோட்டுக்கே வராது. ‘கறுப்பி’ என்று பட்டப்பெயர், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கம், டிபன் நேரத்தில் பக்கத்தில் இடமில்லை. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்றால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, அன்றைக்கே, இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் மொழியில் எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ‘ஹி ஹிட் மீ’யோடு முடிந்துவிடும். ‘தகாத வார்த்தை’ என்று பூசி மெழுகாமல் அந்தச் சொல்லையே எழுதுங்கள். எத்தனை நாளாக, எந்த இடத்தில், சுற்றி நின்று சிரித்தது யார் என்பதும் வேண்டும். கைகுலுக்க மட்டும் வைக்காதீர்கள், தயவுசெய்து. சாயங்காலம் வேனில் அதற்கும் சேர்த்து வாங்குவான்.

பாத்ரூமில் டவுசரை இறக்கிப் போனில் படம் எடுப்பது ‘ஆம்பளப் பசங்க விளையாட்டு’ இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டம் பையன்களையும் காக்கிறது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 19-வது பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பள்ளிப் பெயர் கெடும் என்று மறைத்தால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

பெற்றோரே, “நீ ஆம்பளைதானே, திருப்பி அடிடா” என்று அனுப்பாதீர்கள். தேதி, சொல், இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். மனு இரண்டு பிரதி. ஒன்றில் பள்ளி சீல் போட்டு வாங்குங்கள். பதில் வரவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098.