பெயிண்ட் கேட்காதீர்கள், முற்றத்தைக் காட்டுங்கள்

"தம்பி, போன வருசந்தான் பெயிண்ட் அடிச்சோம். அதுக்குள்ள உப்புப் பூத்து உதிருது. நல்ல வாட்டர்புரூஃப் ஒண்ணு சொல்லுங்க."

மண்டபம் போகிற சாலைப் பக்கம் ஒரு பழைய சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கேட்டது. இந்த வருடம் இதே கேள்வி எனக்கு நான்காவது தடவை. நான்கு இடத்திலும் கண்ட காட்சி ஒன்றுதான். முற்றத்து மணலை வழித்தெடுத்துவிட்டு, கான்கிரீட் கொட்டி, சுவரை ஒட்டி பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். தரை அரை அடி ஏறி, அடிவரிசைக் கல்லே கண்ணில் படவில்லை. பவளப்பாறைக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய சுவர் பிறகு என்னதான் செய்யும்?

வெறும் மணல் என்றால் கேட்பாரற்ற இடம் என்று நம்மவர்களுக்கு யார் சொன்னார்களோ! அந்த மணலைப் பரப்பி வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்த இடத்திலேயே இறங்கும். மிஞ்சியது வாட்டத்தில் ஓடி ஊரணியில் சேரும். நம் கரையோரத்தில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது நல்ல தண்ணீர். முற்றத்துக் கிணறு இனிப்பது அதனால்தான். தரையை மூடினால் கிணறு உவர்க்கும். மண்ணின் ஈரத்துக்கு மேலே வர சுவரைத் தவிர வேறு வழி இருக்காது, உப்பையும் கூடவே ஏற்றிவரும். ஓரிடத்தில் அழகுக்காகச் சுவரடியில் புல்தரையும் போட்டிருந்தார்கள். ராமநாதபுரத்து வெயிலில் புல்! காலையும் மாலையும் உவர்ப்பான போர்வெல் தண்ணீர், அதாவது சுவருக்குத் தினம் இரண்டு வேளை உப்பு. (அந்தச் சுவருக்கு மேலே சிமெண்ட் பூச்சு வேறு. அதற்குத் தனியாக ஒருநாள் திட்டுகிறேன்.)

அடுத்தது ஜேசிபி. சீமைக் கருவேலத்தை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் நம் மண்ணின் மரம். வண்டி ஓட்டுபவருக்கு இரண்டும் முள்மரம்தான். பக்கத்தில் ஆள் நின்று காட்டிக் கொடுக்க வேண்டும். சுவருக்குப் பத்தடிக்குள் ஜேசிபி வரவே கூடாது. மூலையில் கிடக்கும் பழைய பவளப்பாறைக் கற்களை ரப்பிஷ் என்று ஊரணியில் தள்ளுகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பவளப்பாறைகள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு கல் எடுக்க முடியாது. உங்கள் சுவர் நாளை விரிசல் விட்டால் ஒட்டுப்போட அந்தக் குவியலை விட்டால் வேறு கல் கிடையாது.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். ஊரணிக்குப் போகிற வரத்துக்காலில் கை வைக்காதீர்கள். சுவர் இடுக்கில் அரசங்கன்று தலைகாட்டினால் விரல் தடிமனிலேயே எடுத்துவிடுங்கள். தயவுசெய்து, சுவரைச் சுற்றி மூன்றடியாவது மணலாக விடுங்கள்.

பெரியவர் அரைமனதாகச் சம்மதித்தார். மூன்றடிக்கு பேவரைப் பெயர்த்து அடுக்கிய பிறகு, "இவ்வளவு கல்லையும் என்னப்பா பண்றது?" என்றார்.

"மாட்டுத்தொழுவத்துல போடுங்கய்யா, சாணி அள்ளச் சுளுவா இருக்கும்."