கேட்டுக்கு வெளியே நிற்காதீங்க, உள்ளே வாங்க

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வடசென்னை காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் போகிறவர், வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், ஏலத்தில் எடுத்துத் தெருவில் விற்கிற அம்மா, எல்லார் வீட்டிலும் கை கடிக்கிற நேரம் அது. சரியாக அப்போதுதான் பிள்ளை புது பை வேண்டும், ஷூ வேண்டும் என்று நிற்கும்.

ராயபுரம் பக்கம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முதல் வாரம் வருகைப் பதிவேட்டில் நாலைந்து பேருக்கு ஆப்சென்ட் போட வேண்டியிருக்கும். போன் செய்தால், "யூனிஃபார்ம் இன்னும் தைச்சு வரல மிஸ், ஷூ வாங்கிட்டுத் திங்கக்கிழமையிலிருந்து அனுப்புறேன்" என்பார்கள். சில வீடுகளில் அந்தத் திங்கட்கிழமை ஜூலையில்தான் வரும்.

இந்த வருஷம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிற அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கலர் டிரெஸ்ஸில் அனுப்புங்கள். வீட்டுச் செருப்போடு அனுப்புங்கள். யாரும் வாசலில் நிறுத்தமாட்டோம். பாடநூல், நோட்டு, பை, காலணி எல்லாம் அரசே இலவசமாகத் தருகிறது. சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு நாலு செட் சீருடையும் உண்டு. சில பொருள் வந்து சேர நாளாகும், அவ்வளவுதான். அதற்காகப் பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

வருகையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாளாவது பள்ளி நடக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு என்றால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் அது இருபது நாள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. நம் ஏரியாவில் அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆடி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம், விடிய விடிய மேளம், திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. மாமா வீட்டில் வளைகாப்பு. தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டது, லேட்டாகிவிட்டது, இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவிடுவது. தயவுசெய்து லேட்டானாலும் கொண்டுவந்து விடுங்கள். பத்தரை மணிக்கு வந்தாலும் வரட்டும்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். நல்ல சூட்டிகையான பிள்ளை. நான் கொம்பு எழுத்து சொல்லிக்கொடுத்த ஒரு வாரம் அவன் ஊருக்குப் போயிருந்தான். கெ, கே, தெ, தே எல்லாம் அந்த வாரத்தில்தான் போனது. திரும்பி வந்தவன் 'தேன்' என்ற வார்த்தையைத் 'தன்' என்று படித்தான். முன்னால் நிற்கிற கொம்பை ஏதோ கோடு என்று நினைத்து விட்டுவிட்டான். 'மேகம்' அவனுக்கு 'மகம்' ஆனது, 'சேவல்' 'சவல்' ஆனது. மற்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்ததும் வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டான். மதிய இடைவேளையில் தனியாக உட்காரவைத்து அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எழுத்து இரண்டு நாளில் வந்துவிட்டது. மீதி நாளெல்லாம் அவன் வாயைத் திறக்க வைப்பதற்கே போனது.

அப்புறம் காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது, மறுவருஷம் ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, கூடவே காய்கறி போட்ட சாம்பார். விடியற்காலை மூன்று மணிக்கே ஏலத்துக்குக் கிளம்பிப் போகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மணி அடித்த பிறகு வந்தால் சாப்பிட நேரம் இருக்காது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்த பிள்ளை முதல் பீரியடிலேயே மேஜையில் தலையைச் சாய்த்துவிடும். கால் மணி நேரம் முன்னால் அனுப்புங்கள். "எங்க வீட்டுல சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்" என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பசியோடு பாடம் ஏறாது என்பது இந்த ஊருக்குப் பழைய விஷயம். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பெயராக நிற்கிறாரே தியாகராயர், அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது 1920-லேயே ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கேட்டைப் பற்றி.

எங்கள் பள்ளிக்கு இரும்பு கேட். காலையில் அதற்கு வெளியே பத்துப் பதினைந்து அம்மாக்கள் நிற்பார்கள். பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு, கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். உள்ளே மட்டும் வரமாட்டார்கள். முதல் சில வருஷம் நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி, "இவங்களுக்குப் பிள்ளை மேல அக்கறையே இல்லை" என்றுகூடப் பேசியிருக்கிறேன். அது தப்பு என்று ஒரு அம்மாதான் எனக்குப் புரியவைத்தார்.

அவர் காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவர். தினமும் மகனைக் கூட்டி வருவார், கேட்டுக்கு வெளியே நிற்பார், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருப்பார். ஒரு நாள் நானே வெளியே போய், "ஏம்மா உள்ள வரமாட்டேங்கிற? பையனைப் பத்தி ஒரு வார்த்தை பேசணும்" என்றேன். "கவுச்சி அடிக்கும் மிஸ். எனக்குப் படிக்கவும் தெரியாது. நான் உள்ள வந்து என்னா பேசறது?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. சும்மா பேச்சுக்கு, இன்றைக்கு என்ன மீன், எப்படி விற்றது என்று கேட்டேன். இத்தனை ரூபாய்க்கு எடுத்தேன், ஐஸுக்கு இவ்வளவு, ஆட்டோவுக்கு இவ்வளவு, கூறுக்கு இத்தனை வைத்து இத்தனை கூறு போட்டேன், கடைசி மூன்று கூறை விலை குறைத்துக் கொடுத்தேன், மிச்சம் இவ்வளவு என்று மூச்சுவிடாமல் சொன்னார். கூட்டிப் பார்க்க நான் போனை எடுத்தேன். அவர் சொன்ன கணக்கில் ஒரு ரூபாய் பிசகில்லை.

அடுத்த வாரம் அவரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். கையை மூன்று தடவை கழுவிவிட்டு வந்தார். இருபது புளியங்கொட்டையைத் தரையில் போட்டு, "பிள்ளைகளுக்குக் கூறு போட்டுக் காட்டும்மா" என்றேன். அஞ்சு அஞ்சாகப் போட்டார், நாலு கூறு. நாலு நாலாகப் போட்டார், அஞ்சு கூறு. மூணு மூணாகப் போட்டபோது இரண்டு மிச்சம் நின்றது. "அது வூட்டுக் கொழம்புக்கு" என்றார். பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். அவர் மகன் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டான். வகுத்தலை நான் அந்த வருஷத்திலிருந்து இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். அந்த அம்மா அப்புறம் கேட்டில் நிற்கவேயில்லை, நேராக உள்ளே வந்துவிடுவார்.

அதனால் கேட்கிறேன், உள்ளே வாருங்கள். லுங்கியோடு வந்தாலும் சரி, லாரி செட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்தாலும் சரி. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று நாங்கள் பார்க்கப்போவதில்லை. பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறது, காது சரியாகக் கேட்கிறதா, டிவியைக் கிட்டப் போய் நின்று பார்க்கிறதா, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கண்பார்வைக் கோளாறை மந்தம் என்று நினைத்துக் கடைசிப் பெஞ்சில் வைத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால், அல்லது நாங்கள் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு உங்களைப்போன்ற பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலைவரும் பெற்றோரிலிருந்து ஒரு அம்மாதான். கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறது, குடிதண்ணீர் வரவில்லை, கேட்டை ஒட்டி கன்டெய்னர் லாரி நிற்கிறது என்று நாங்கள் எழுதுவதைவிட நீங்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சேர்க்கையின்போது பல அப்பாக்கள் என்னிடம் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மீதிய உரிச்சிடுங்க மிஸ்." நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அடிப்பதும், மனம் நோகப் பேசுவதும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அடிக்கமாட்டேன். டீச்சர் அடிப்பார் என்று பயந்த பிள்ளை பாத்ரூம் போகணும் என்றுகூட வாயைத் திறக்காது, அடக்கி வைத்திருந்து உட்கார்ந்த இடத்திலேயே போய்விடும். சந்தேகம் கேட்பதெல்லாம் அப்புறம். வீட்டிலும் "இரு, மிஸ்கிட்ட சொல்றேன்" என்று என்னைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். பள்ளியில் யாராவது உங்கள் பிள்ளையை அடித்தால் தலைமை ஆசிரியரிடம் வந்து கேளுங்கள், அங்கே பதில் இல்லை என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கோ, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ போன் செய்யலாம்.

படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' முறையில்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பாட்டு, கதை, அட்டை, விளையாட்டு என்று வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. "என் பொண்ணை அரும்புல போட்டிருக்கீங்களே, மக்குன்னு அர்த்தமா?" என்று ஒரு பாட்டி அழுதேவிட்டார். இல்லை பாட்டி, அவள் இப்போது எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து ஆரம்பிக்கிறோம், அவ்வளவுதான். இந்த மாதம் அரும்பில் இருக்கிறவள் தீபாவளிக்குள் மொட்டில் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளியில் இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதுகிறதே என்று ஒப்பிட்டு ராத்திரி பத்து மணிவரை பென்சிலைப் பிடிக்க வைக்காதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது பேச்சுதான். "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "மதியம் முட்டை வச்சாங்களா? யார் பக்கத்துல உட்கார்ந்த? எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கொட்டித் தீர்த்துவிடும். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுகிறவர்கள் அதிலேயே பேசுங்கள். அரைகுறைத் தமிழில் கஷ்டப்பட வேண்டாம், தமிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாப்பிடும்போது கையில் போனைக் கொடுத்துவிட்டால் மட்டும் இந்தப் பேச்சு முழுக்கப் போய்விடும்.

முதல் நாள் அழும். அழட்டும். ஆனால் "கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிட்டு வரேன்" என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், மறுநாள் உங்கள் சேலையை விடாது. "சாயந்திரம் மணி அடிச்சதும் இங்கேயே நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி நில்லுங்கள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க, நிக்கரைக் கழற்றி மாட்ட, கால் கழுவ, "மிஸ், பாத்ரூம்" என்று சத்தமாகக் கேட்க இந்த ஒரு வாரத்தில் பழக்கிவிடுங்கள். அ, ஆ தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

கடைசியாகப் போன் நம்பர். ரீசார்ஜ் முடிந்ததும் புது சிம் போட்டுவிடுவது நம்மிடம் சகஜம். போன வருஷம் ஒரு பாப்பாவுக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறி, மடியில் போட்டுக்கொண்டு பதிவேட்டில் இருந்த இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றி அடித்தேன். இரண்டும் உபயோகத்தில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் நாலாம் வகுப்பில் படிக்கிறான் என்று தெரிந்து, அவனைக் கூட்டிக்கொண்டு ஆயாம்மா தெருவுக்கே போய் அவள் பாட்டியை அழைத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. நம்பர் மாறினால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள். உங்கள் நம்பர் ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற ஒருவர் நம்பர் ஒன்று. எழுதத் தெரியாவிட்டால் போனையே நீட்டுங்கள், நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.