செத்துப் பிழைக்கும் ஜவ்வு

கபடி ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மாடிப்படி ஏறுகிறேன். லேசாகக் களத்தில் இறங்கலாமா?"

கூடாது தம்பி. முட்டிக்குள் வைத்த புது ஜவ்வு பலம் குன்றிக் கிடப்பதே இந்தச் சமயத்தில்தான்.

ஏசிஎல் என்பது முட்டிக்குள் இருக்கும் சுமார் 3 செ.மீ. நீள ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், அளவுக்கு மீறித் திருகாமல் பிடித்து வைத்திருக்கும். பாடிப் போனவர் பாதத்தை ஊன்றியபடி சட்டென்று உடம்பைத் திருப்புவார். 'டப்' என்று ஒரு சத்தம். பல நேரம் எதிரணியில் யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். சில மணி நேரத்தில் ரத்தம் கட்டி முட்டி வீங்கிவிடும்.

முட்டியின் உட்பக்க ஓரத்து ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஏசிஎல் அப்படி எளிதில் ஆறாது. கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து நிற்க மூட்டுத் திரவம் விடுவதில்லை. எண்ணெய்க் கட்டுப் போட்டே ஜவ்வைக் கூட்டினேன் என்று பெயர் வாங்கியவர்கள், தானே ஆறும் அந்த ஓரத்து ஜவ்வுக்குத்தான் கட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. உங்களைப் போலத் திரும்பித் திரும்பி ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து மடித்து, இரண்டு எலும்பிலும் துளை குடைந்து, கோத்து, ஸ்க்ரூ வைத்து இறுக்குவார்கள். நான்காக மடித்த நாண் அன்றைய தேதிக்கு அசல் ஏசிஎல்லைவிடவே பலசாலி.

கூத்து அதற்குப் பிறகுதான். ரத்த ஓட்டம் அறுந்துபோனதால் முதல் சில வாரங்களில் நாணிலிருந்த செல்கள் செத்துப்போகின்றன. குடியிருந்தவர்கள் காலி செய்த வீடு மாதிரி கொலாஜன் என்ற புரத இழைகள் மட்டும் நிற்கின்றன. மூட்டின் உட்சவ்விலிருந்து ரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே நுழைய, புதுச் செல்கள் குடிவருகின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை. பழைய தடித்த இழைகளைப் பிரித்துப்போட்டு மெல்லிய இழைகளாக நெய்கின்றன. பிரிக்கும் வேகம் நெய்யும் வேகத்தை மிஞ்சி நிற்கும் காலம்தான் இரண்டாவது, மூன்றாவது மாதம். வலிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது முன்பே போய்விடும்.

எந்தத் திசையில் இழுவிசை வருகிறதோ அந்தத் திசையிலேயே செல்கள் இழைகளை அடுக்குகின்றன. ஆகவே காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் கெடுதல், முரட்டுத்தனமாக இழுத்தாலும் கெடுதல். பிசியோதெரபி என்பது வெறும் தசைப் பயிற்சியல்ல, நெசவுக்கான உத்தரவும்கூட. ஒரு வருஷம் தாண்டியும் இந்த வேலை நடக்கும்.

இதில் பெரும்பகுதி முயல், செம்மறி ஆடுகளின் முட்டியில் பார்த்தது. மனிதரிடம் கிடைத்தவை மறு ஆபரேஷனில் எடுத்த துணுக்குகள்தான். மாற்றம் நம்மிடம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது. கபடி வீரர்களைக் கோடியில் ஏலம் எடுக்கும் நாட்டில், அவர்கள் முட்டியை ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?

2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஒன்பது மாதம் முடிந்தாலும் காலண்டரை மட்டும் நம்பாதீர்கள்; அடிபட்ட காலின் முன்தொடைத் தசை பலம், மறுகாலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியதா என்று பிசியோவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.