முட்டைக்கோஸ் திறக்கும் பூட்டு

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அண்ணனுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவர் அழன்று புண்ணாகும் நோய். ரத்தமும் சளியுமாகப் போய், ஒரே வருடத்தில் பன்னிரண்டு கிலோ இளைத்துவிட்டாராம். "எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இது வராமல் தடுக்க ஏதாவது கீரை, வேர், பட்டை இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இதைச் சாப்பிட்டால் குடல் அழற்சி நோய் வராது என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட தாவரப் பொருள் இன்றுவரை ஒன்றும் இல்லை. வந்த நோயைக் கட்டுக்குள் வைப்பதில் மஞ்சளின் குர்குமினுக்குக் கொஞ்சம் சான்று உண்டு. 2006இல் ஜப்பானில் வெளியான ஒரு சோதனையில், வழக்கமான மாத்திரையோடு தினம் 2 கிராம் குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்குத்தான் ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. மாத்திரை மட்டும் எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. ரசத்தில் போடும் சிட்டிகை மஞ்சளால் 2 கிராம் கிடைத்துவிடாது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் செல்களுக்குள் ஏ.எச்.ஆர். என்றொரு ஏற்பி இருக்கிறது. ஏற்பி என்பது, பொருத்தமான பொருள் வந்து ஒட்டினால் வேலையைத் தொடங்கும் புரதம், சாவி போட்டால் திறக்கும் பூட்டு மாதிரி. 1976இல் இத்தாலியின் செவெசோவில் ஆலை விபத்தில் காற்றில் கலந்ததே டையாக்சின், அந்த நஞ்சு உடலுக்குள் போய் ஒட்டிக்கொள்வது இதில்தான். அதனால் பல காலம் இதை 'டையாக்சின் ஏற்பி' என்றே சொல்லி வந்தார்கள். ஆலை நஞ்சு நேற்று வந்தது, ஏற்பியோ பல கோடி ஆண்டுப் பழசு. அப்படியானால் இந்தப் பூட்டு எந்தச் சாவிக்காக உருவானது?

ஒரு சாவி நம் காய்கறிக் கூடையிலேயே கிடக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். இவற்றின் இலையில் குளுக்கோபிராசிசின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கும். கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. கோஸ் நறுக்கும்போது மூக்கில் ஏறும் காரநெடியும் இதே நொதி வேலையில் பிறப்பதுதான். பூச்சி கடித்தால் விரட்டுவதற்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. இதில் உண்டாகும் இண்டோல்-3-கார்பினால் நம் இரைப்பை அமிலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து புதுப் பொருள்களாகிறது. அவற்றில் ஒன்று ஏ.எச்.ஆரில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பொருந்தியதும், அதுவரை துணைப் புரதங்களின் பிடியில் சும்மா கிடந்த ஏற்பி செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. குடல் சுவரில் காவல் நிற்கும் வெள்ளையணுக்கள் தங்கி வாழ்கின்றன. ஐ.எல்.-22 என்ற புரதம் சுரந்து, கிருமியை எதிர்க்கும் பொருள்களைச் சுவர் செல்கள் செய்யத் தூண்டுகிறது. குடல் சுவரின் நுண்குழிகளின் அடியிலிருந்து புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களுக்கு 'பெருகியது போதும், முதிர்ந்து வேலைக்குப் போ' என்ற செய்தியும் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் எலிகளுக்குக் காய்கறியே இல்லாத செயற்கை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே காவல் செல்கள் பெருமளவு குறைந்துபோயின. இண்டோல்-3-கார்பினாலை உணவில் சேர்த்ததும் மீண்டன. 2011இல் வெளியான ஆய்வு இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏற்பி இயக்கும் மரபணுக்களில் ஒன்று, அந்தச் சாவியையே சிதைக்கும் நொதியைச் செய்கிறது. வேலை முடிந்ததும் சாவி காணாமல் போகும், மறுநாள் சாப்பாட்டில் புதிது வரும். டையாக்சினை இந்த நொதியால் சிதைக்க முடியாது. அது உடலில் வருடக்கணக்கில் தங்கிப் பூட்டைத் திறந்துகொண்டே இருக்கிறது, நஞ்சாவது பெரும்பாலும் அதனால்தான்.

அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்திலும் இதே பூட்டுக்கு வலுவான சாவிகள் இருக்கின்றன. ஜப்பானில் 86 நோயாளிகளிடம் நீலத்தூளைச் சோதித்தார்கள். எட்டு வாரத்தில், தினம் 1 கிராம் எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் இந்தத் தூளைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியது தெரியவர, சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. 'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்று சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கோஸ் இந்த நோயைத் தடுக்குமா என்று மனிதர்களிடம் பார்க்க ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர வேண்டும். முட்டைக்கோஸுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, எந்த மருந்து நிறுவனமும் அதற்குப் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். இந்த நோய் கூடிக்கொண்டே வரும் நம் நாட்டில் அதற்கான அவசரம் அதிகம்.

வாசகிக்கு: பிள்ளைகளுக்குக் கோஸ் பொரியல் தாராளமாகச் செய்து கொடுங்கள். நறுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள், சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அண்ணனுக்கு நோய் முற்றியிருக்கும் நாட்களில் கோஸ் வயிற்றை உப்ப வைக்கும், வலிக்கும். அவருடைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளில் யாருக்காவது மலத்தில் ரத்தம் தெரிந்தால் 'மூலமாக இருக்கும்' என்று விட்டுவிடாமல் அந்த வாரமே குடல் மருத்துவரிடம் காட்டுங்கள்.