பழைய சிலையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

பழைய மரச் சிற்பம் என்றால் பழுப்பாக, மரத்தின் ரேகை தெரிய இருக்க வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மரச் சிற்பங்களைப் பராமரிக்கும் எனக்கோ, அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயச் சிலைகள் பெரும்பாலும் வண்ணம் பூசியவை. 19-ஆம் நூற்றாண்டில் வெறும் மரமே அழகு என்றொரு ரசனை பரவி, பலவற்றைக் காரக் கரைசலால் கழுவிச் சுரண்டிவிட்டார்கள். காதுக்குப் பின்னால், அங்கியின் மடிப்புக்குள் பழைய பூச்சின் வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தால் நடந்தது புரிந்துவிடும்.

வண்ணமில்லாமலே விட்ட சிற்பிகளும் உண்டு. ஜெர்மனியின் ம்யுன்னர்ஷ்டாட் ஊருக்கு ரீமென்ஷ்னைடர் 1490-92இல் செய்த பலிபீடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1504-05இல் ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு சிற்பியை வைத்து அதற்கும் வண்ணம் பூசிவிட்டார்கள்!

அந்தப் பூச்சு சாதாரண வேலையல்ல. முதலில் மரத்துக்கு வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. அப்புறம் வஜ்ஜிரத்தில் குழைத்த சுண்ணப்பொடி, பல பூச்சு. பொன் வேண்டிய இடத்தில் வழவழப்பான செங்களிமண்; அதை ஈரமாக்கித் தங்க ரேக்கை ஒட்டி, காய்ந்தபின் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஸ்பெயினில் அந்தத் தங்கத்தின்மேல் வண்ணம் பூசி, கூரான குச்சியால் கீறுவார்கள். கீறிய கோடுகளில் தங்கம் எட்டிப்பார்க்க, அங்கி சரிகைப் பட்டாகிவிடும். அங்கே செவில் நகரில் செதுக்குபவர் வேறு, பூசுபவர் வேறு. மோன்டன்யெஸ் செதுக்கிய சிலுவை இயேசுவுக்குச் சதை நிறம் கொடுத்தவர் பச்சேகோ என்ற ஓவியர். சதைக்குப் பளபளப்பு ஆகாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இத்தனையும் நிற்பது வஜ்ஜிரத்தின்மேல். அது தண்ணீரில் இளகும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மெருகுத் தங்கம் துணியோடு வந்துவிடும். வினிகர், சோப்பு எதுவும் வேண்டாம்.

அழுக்குப் பழுப்பெல்லாம் அழுக்கல்ல, கவனம். இத்தாலியச் சிற்பி டொனாடெல்லோவின் மகதலேனா மரியாள் சிலையைப் பழுப்பு நிறமாகவே உலகம் பார்த்துவந்தது. 1966 ஃபுளோரன்ஸ் வெள்ளத்தில் நனைந்த அதைச் சீர்செய்தபோது, மேற்பூச்சுக்கு அடியில் கூந்தலில் பொன்னிழை தெரிந்தது. கைத்தேர்ச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்பெயினின் எஸ்தெல்யாவில் 16-ஆம் நூற்றாண்டுப் புனித ஜார்ஜ் சிலைக்கு 2018இல் கெட்டிப் பெயின்ட் அடித்துப் பொம்மை முகமாக்கினார்கள். அதை நீக்கிச் சரிசெய்தும், மூலப்பூச்சில் போனது போனதுதான்.

பழம்பொருள் சந்தையில் வாங்கியதோ, வீட்டில் இருந்ததோ, வண்ணச் சிலையை ஹீட்டருக்கு மேலே வைக்காதீர்கள். மரம் சுருங்கும், மேலிருக்கும் சுண்ணப்பூச்சு கூடவே சுருங்காது, பெயரும். பெயர்ந்த துணுக்கைக் காகிதத்தில் மடித்து, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். பூச்சு உறுதியாக இருந்தால் மட்டும் மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டலாம். உப்புத்தாள் போடவே வேண்டாம்: பழைய வெள்ளையில் ஈயமும், சாதிலிங்கச் சிவப்பில் பாதரசமும் இருக்கும்.