ஒரு நட்டுக்குள் நாலரை டன்

"வீல் பேரிங் மாற்றியதிலிருந்து, ரிவர்ஸ் போட்டு வண்டியை நகர்த்தினால் முன்சக்கரத்தில் 'டக்'கென்று சத்தம் வருகிறது. ஆக்ஸில் நட் லூஸாம். வீட்டிலேயே முறுக்கிவிடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக. ஆனால் அந்த நட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட்டின் நுனியில் பல் பல்லாக ஸ்பிளைன் இருக்கும். அது சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் துளைக்குள் போய் உட்காரும். நுனியில் ஒரு பெரிய நட், அதுதான் ஆக்ஸில் நட். ஷாஃப்ட் கழன்று வராமல் இருக்கத்தான் நட் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். நட்டை முறுக்கும்போது ஷாஃப்ட்டின் நுனி நீள்கிறது! 22 மி.மீ. மரையில் 200 நியூட்டன்-மீட்டர் முறுக்கு, அதாவது அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால், எஃகு நீள்வது தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனால் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த எஃகு, ஹப்பையும் பேரிங்கின் உள்வளையங்களையும் சுமார் நாலரை டன் விசையில் சேர்த்து நெரிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகக் கரைந்துவிடும். அதனால்தான் மரையில் துரு இருந்தால் டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 'போதும்' என்று சொல்லும்போதும் பிடி போதாது; எண்ணெய் பூசியிருந்தால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகும்.

இந்த நெரிப்பு குறைந்தால்தான் வினை. 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனையில் காட்டினார். மரை என்பது சுற்றிவைத்த சரிவுப் பாதை. இறுக்கிய பாகங்கள் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால், உராய்வு அந்தத் திசையிலேயே செலவாகிவிடும். நட்டைச் சரிவில் பிடித்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வோர் அதிர்விலும் அது துளித்துளியாக இறங்கும். நட்டின் குறுக்கே செருகி மடக்கும் கம்பியான ஸ்பிளிட் பின் நட் விழாமல் காக்கும், அவ்வளவுதான். போன இழுவிசையைத் திருப்பித் தராது.

இனி வேலை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கமும் கழன்றிருந்தால், அதைப் பூட்டும் கம்பி வளையமான சர்க்கிளிப் 'க்ளிக்'கென்று விழும்வரை தள்ளுங்கள். வழிந்துபோன அளவுக்குப் புது கியர் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். மரையைத் துடைத்து, புது நட் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். அதுவரை சக்கரத்தைத் தரையில் இறக்காதீர்கள், பேரிங் கெடும். ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்குங்கள், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் இல்லாத நட் என்றால் அதன் விளிம்பை ஷாஃப்ட்டின் பள்ளத்தில் தட்டி மடக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம். பல பட்டறைகளில் டார்க் ரெஞ்ச்தான் இருப்பதில்லை. பைப்பைச் சொருகி ஏறி மிதிப்பதை அனுபவம் என்கிறார்கள். எனக்கு அதுவும் எலுமிச்சம்பழமும் ஒன்றுதான்.

முறுக்கிய பிறகும் 'டக்' போகவில்லையென்றால் ஸ்பிளைன் பல் தேய்ந்திருக்கலாம். அப்போது ஷாஃப்ட்டையோ ஹப்பையோ மாற்றத்தான் வேண்டும்.